வாரம் ஒரு பதிவு கேட்டவள்

இரண்டு வருடமாக நான் விடாமல் படிக்கும் சமையல் வலைப்பூ ஒன்று இருக்கிறது. களி, உப்புச்சாறு, மாங்காய்ப் பருப்பு என்று எல்லாம் நம் பக்கத்துச் சாப்பாடுதான். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பதிவு வரும். இப்போது மூன்று மாதமாக ஒன்றுமே இல்லை.

இன்று ஷிப்ட் முடிந்து போச்சம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, இருந்த அலுப்பில் போனில் அந்த வலைப்பூவுக்குப் போய்க் கோபமாகப் பின்னூட்டம் தட்டிக்கொண்டிருந்தேன்.

“வாரம் ஒரு பதிவு போடக்கூட முடியாதா? படிக்கிறவங்க எவ்வளவு நாள் காத்திருப்பாங்க?”

பக்கத்து சீட்டில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண். முகம் மட்டும் பழக்கம். என் போனை எட்டிப் பார்த்தவள் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, அத எழுதறது நான்தான்.”

நான் நம்பவில்லை. அவள் தன் போனில், எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்த பதிவைக் காட்டினாள். ‘அவரைக்காய்க் குழம்பு’ என்ற தலைப்பும் இரண்டு வரியும் இருந்தன.

“ஏம்மா நிறுத்திட்ட?”

“இப்பல்லாம் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடறாங்கக்கா. ரெண்டு வேளை கேன்டீன்லயே முடிஞ்சிடுது. வீட்ல அடுப்பு பத்த வெச்சாத்தானே எழுத முடியும்?”

தட்டியதையெல்லாம் அழித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால், அவள் அதற்குள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். காவேரிப்பட்டினத்தில் நான்தான் எழுப்பி இறக்கிவிட்டேன்.

நாளை அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுபோவதாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த சமையல் முழுக்க அவளிடம் படித்ததுதான். அதை அவளிடமே நீட்டப் பயமாக இருக்கிறது. என்ன செய்து கொண்டுபோகலாம், சொல்லுங்கள்.