காஜாம்மாவின் சுண்டுவிரல்

எங்கள் தெருமுனைத் தையல்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரையங்குலம்' என்றால்தான் தெரியும். யார் எந்தத் துணியைக் கொடுத்தாலும் மடிப்புக்குள் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பார். "உடம்பு சொல்லிட்டா பெருக்குது?" என்பார். அவருடைய கடையில் இன்னொருவரும் வேலை செய்தார். சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பித்தான் தைக்கும் பெண்மணி. கணவனை இழந்தவள், அவளுக்கு ஒரே மகள். தெருவுக்கு அவள் காஜாம்மா. ஒற்றை ஜன்னல் வைத்த அந்த அறையில் இரண்டு பேரும் பல வருஷங்கள் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு உழைத்தார்கள்.

ஒரு மதியம் காஜாம்மா சாப்பிடப் போயிருந்தபோது, அரையங்குலத்தின் மனைவி சோற்றுடன் கடைக்கு வந்தாள். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஏதோ கருகுது."

அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கைக்குக் கீழே அவருடைய சதைதான் சூடான இஸ்திரிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. மனைவி அலறியடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினாள். "வேலை மும்முரத்துல கவனிக்கல" என்று அவர் சிரித்துச் சமாளித்தார். அந்த இடத்தில் வெளிறிய தேமல் ஒன்று வெகுநாளாக இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் அவர் அதில் ஊசியால் குத்திப் பார்த்ததுண்டு. வலித்ததில்லை.

நகரத்துக்கு வெளியே, உயரமான பழைய மதிலுக்குள் தோல் ஆஸ்பத்திரி இருந்தது. நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போனார். தொழுநோய் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்த நர்ஸ் வாயாடி. நாள் முழுக்கப் பயந்த முகங்களையே பார்த்துப் பழகியவர்.

"தலையில இடி விழுந்த மாதிரி உட்காராதீங்க, தையல்காரரே. அந்தக் காலமா இது? அப்பல்லாம் இந்த நோய் வந்தவன் தெருவுல மணியடிச்சுக்கிட்டே நடக்கணும். சில ஊர்ல உயிரோட இருக்கும்போதே சாவுச் சடங்கைப் பண்ணி, தலையில மண்ணள்ளிப் போட்டு ஊரை விட்டு அனுப்பிடுவாங்களாம். இந்த மதில் எதுக்குக் கட்டினாங்கன்னு நினைக்கிறீங்க? உள்ள இருக்கறவங்க வெளிய வரக்கூடாதுன்னுதான். எங்க அப்பா இங்கதான் வேலை பார்த்தாரு. ஏதோ மரக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சி ஊசியில ஏத்திக் குத்துவாங்க. நோய்க்குப் பயந்ததைவிட அந்த ஊசிக்குப் பயந்து ஓடினவங்க அதிகம். உங்களுக்கு வெறும் மாத்திரை. முழுங்க ஆரம்பிச்சாலே அடுத்தவங்களுக்கு ஒட்டாது."

அவர் தலையாட்டினார்.

"வீட்டுல இருக்கறவங்க, கடையில கூட வேலை பார்க்கறவங்க எல்லாரையும் ஒருதடவை கூட்டிட்டு வாங்க. தோலைப் பார்த்துடலாம்."

"வீட்டுல மனைவி மட்டும்தான். கடையில நான் ஒண்டிக்கட்டை" என்றார் அரையங்குலம். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே வியப்பாக இருந்தது.

மனைவியைக் கூட்டிப்போனார். அவளுக்கு ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்டதில் அவருடைய முகம் மட்டும் கறுத்தது. "என்ன அரையங்குலம், கடைய வெயில்ல போட்டு நடத்துறியா?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மருந்து முடிந்தது. "நோய் போயாச்சு" என்றார் டாக்டர். யாருக்கும் தெரியாமல் வந்தது, யாருக்கும் தெரியாமலே போய்விட்டது என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு காஜாம்மாவின் கையிலிருந்து ஊசி நழுவத் தொடங்கியது. வலது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து நின்றது, நிமிர்த்தினால் நிமிரவில்லை. "வயசாகுதுல்ல அண்ணே, விரலுக்கும் சோம்பேறித்தனம் வந்துடுச்சு" என்று அவள் சிரித்தாள். ஒருநாள் அவள் குனிந்து பித்தான் பொறுக்கியபோது, காதுக்குக் கீழே கழுத்தில் வெளிறிய தேமலை அரையங்குலம் பார்த்தார்.

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தார். 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பாளே? வார்த்தையை அப்படியே விழுங்கினார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை. கோடை போய் மழை வந்தது. அடுத்த விரலும் வளைந்தது.

பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த வாத்தியார்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். காஜாம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, அவள் காதில் விழும்படியே சொன்னார்:

"அது பெருவியாதிக் கை. அந்தக் கை பட்ட துணியைப் பிள்ளைங்களுக்குப் போட மாட்டேன். அவ இருந்தா, எங்க வேலை உனக்கு இல்ல."

அந்தத் தெருவிலேயே அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அரையங்குலம். மாத்திரை இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இதோ என் கையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"சரி சார். நான் பார்த்துக்கறேன்." காஜாம்மா பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வீட்டுல இரு தங்கச்சி" என்றார்.

அவள் கத்தரியை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றே அரையங்குலம் அவள் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கித் தெருவில் வைத்து, பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். தெருத் திருப்பத்தில் அவள் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே செய்தி மனைவிக்கு எட்டிவிட்டது. அவள் சண்டை போடவில்லை. சோற்றை வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நோய் இருந்தப்ப உங்க தட்டுலயே நான் சாப்பிட்டேன். இல்லையா?"

"ஆமா."

"அவ உட்கார்ந்த முக்காலிய நீங்க கழுவினீங்களா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். நோய் வந்தபோதுகூட அவர் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. நோயின் அவமானம் உடம்புக்கு வந்தது. இதை அவரே தேடிக்கொண்டார்.

மறுநாள் காலை காஜாம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். மகள் பாதிக் கதவைத் திறந்தாள்.

"அம்மா யாரையும் பார்க்க மாட்டேங்கறாங்க, மாமா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். குணமாகிடும்னு சொல்லும்மா."

வெகுநேரம் கழித்துக் காஜாம்மா வெளியே வந்தாள். பேருந்தில் தள்ளியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவரைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாங்க தையல்காரரே, கை எப்படி இருக்கு? மரத்த இடத்துல மறுபடி சுட்டுக்கலையே? இவங்க யாரு?"

"என் கடையில காஜா எடுக்கறவங்க."

"கடையில ஒண்டிக்கட்டைன்னு சொன்னீங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். காஜாம்மா அவரைப் பார்த்தாள்.

நோய் போய்விடும், நரம்பு செத்த விரலுக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, மாத்திரையிலயே நிமிர்ந்திருக்கும்."

"என்கிட்டேயிருந்துதான் இவங்களுக்கு வந்துச்சா டாக்டர்?"

"யாருக்கிட்டேயிருந்து யாருக்குன்னு சொல்லவே முடியாது. இது உடம்புல வருஷக்கணக்கா பதுங்கி இருக்கும்."

அந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. ஆனால் ஒளிந்தது போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

திரும்பி வரும்போது பேருந்தில் காஜாம்மா முதன்முறையாகப் பேசினாள்.

"என் கழுத்துல இருந்தத அன்னிக்கு உத்துப் பார்த்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"முக்காலியக் கழுவினப்பவும்."

"தெரியும் தங்கச்சி."

"வாத்தியாருக்குத் தெரியாது. அவரு பயந்தாரு. அத நான் மன்னிச்சிடுவேன்." அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்குப் போய், வாத்தியார் முன்னால் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். "சார், இதுவும் அதே வியாதிதான். போன வருஷச் சீருடை எல்லாம் இந்தக் கை தைச்சது. எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" வாத்தியார் ஆள் அனுப்பி, கடையிலிருந்த சீருடைத் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன்பின் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அந்தக் கையைக் காட்டினார். பலர் வருவதை நிறுத்தினார்கள். சிலர் தொடர்ந்து வந்தோம். அவர் மனைவி வந்து காஜா எடுக்கப் பழகினாள்.

பிறகு ஆஸ்பத்திரியில் கைக்குச் செய்த ஆபரேஷனில் காஜாம்மாவின் ஒரு விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் நிமிரவே இல்லை. அரையங்குலம் போய் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பட்டறையிலேயே கால் மரத்தவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு வெட்டும் வேலை கிடைத்தது. நர்ஸ், பயந்துபோய் வரும் புது நோயாளிகளை அரையங்குலத்திடம் பேசச் சொல்லி அனுப்புவார். 'தைரியசாலி' என்று அவர்கள் பாராட்டும்போதெல்லாம் அவருக்கு முகம் கன்றிவிடும். "தைரியசாலி நான் இல்லங்க" என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுவார்.

போன மாதம் காஜாம்மாவின் மகள் கடைக்கு வந்தாள். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மேல்சட்டை தைக்க வேண்டுமாம்.

"அம்மா வரலியா?"

"வரல மாமா."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்களா?"

"நல்லதாவும் சொல்றதில்ல, கெட்டதாவும் சொல்றதில்ல."

அவர் அளவு நாடாவை எடுத்து அவளுடைய தோளை அளந்தார். எண் மனத்தில் நிற்கவில்லை. மறுபடியும் அளந்தார்.