லூலூவுக்குப் புரிந்த ஒரே சொல்

வெளியாட்கள் முன்னால் வாயே திறக்காத என் மகள் அன்று பேசியது யாருக்காக? நாய்க்காகவா, எனக்காகவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன வருடம், 2006 கிறிஸ்துமஸ் வாரம், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு. மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வெளியார் ஒருவர் வந்துவிட்டால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். பள்ளியில் ஒரு சொல்கூடக் கிடையாது. நான்தான் சரியாக வளர்க்கவில்லையோ என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, நாற்பது வயதிலேயே பென்ஷனோடு ஊர் திரும்பியவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். குடும்பத்தோடு மறுபடி பிரான்சுக்குப் போனபோது தன் கோல்டன் ரெட்ரீவர் நாயை எங்களிடம் விட்டுப் போனார். பெயர் லூலூ. எதைக் கண்டாலும் கவ்விக்கொண்டு வருகிற இனம் அது. பால் பாக்கெட்டைக்கூடப் பல் படாமல் தூக்கி வரும். ஆனால் பிடுங்கப் போனால், விளையாட்டு என்று நினைத்து ஓடும்.

அவர் இங்கே இருந்தபோது தோட்டத்தில் நின்று அதனிடம் "தோண்டு, தோண்டு" என்பதுபோல் என் காதில் விழும். "அண்ணே, அதுக்குத் தோண்டக் கத்துக்குடுக்காதீங்க, எங்க ரோஜாச் செடியெல்லாம் போயிடும்" என்று ஒருநாள் மதிலுக்கு மேல் எட்டிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மகள் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் குடில் அவள் வைத்தது. ஆடுகளை ஒதுக்கிவிட்டு, களிமண் நாய்கள் செய்து மஞ்சள் பூசி மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி நிறுத்தினாள். வாசல் நட்சத்திரத்தின் வாலிலும் அட்டை நாய்கள், எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே. எங்கள் பகுதிக் குடில்களைப் பங்குத்தந்தை வீடு வீடாக வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்.

"ஏம்மா, இது குடிலா, நாய்ப் பண்ணையா? ஃபாதர் பாத்தா என்ன சொல்வாரு?" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார். நாய்களை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். மகளின் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

ஃபாதர் வந்தார். தெருக்காரர்களும் கூடவே வந்தார்கள். எல்லோரும் குனிந்து பார்க்கும்போது லூலூ கால்களுக்கிடையே புகுந்து குடிலிலிருந்த குழந்தை இயேசு சிலையைக் கவ்விக்கொண்டது. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சுரூபம். எனக்கு உயிரே போய்விட்டது. "விடு! ஏ, விடு!" என்று என் கணவர் பாய, அது வாலை ஆட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடியது. அக்கா துடைப்பத்தைத் தூக்கினார்.

"யாரும் துரத்தாதீங்க!"

என் மகளின் குரல்! புடவைக்குப் பின்னாலிருந்து நடு அறைக்கு வந்திருந்தாள். "ஃபாதர், கைய நீட்டுங்க. அது கடிக்காது."

அவர் நீட்டினார். அவள் நாயைப் பார்த்து, "தொன்!" என்றாள்.

லூலூ நேராக வந்து அவர் உள்ளங்கையில் குழந்தையை வைத்தது. ஒரு கீறல் இல்லை, எச்சில் மட்டும்தான்.

"என்னம்மா சொன்ன அதுகிட்ட?"

"பிரெஞ்சுல குடுன்னு அர்த்தம், ஃபாதர். சொல்தா அங்கிள் கைய நீட்டிட்டுச் சொல்வாரு. அம்மாதான் தோண்டுன்னு நெனச்சுட்டாங்க."

அறையே சிரித்தது. ஃபாதர் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, ஆடெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"ஆடு சும்மா பாத்துட்டு நிக்கும், ஃபாதர். லூலூன்னா, பாப்பா காணாம போனாக்கூடத் தேடித் தூக்கிட்டு வந்துடும்."

பரிசு வேறு வீட்டுக்குப் போனது. எனக்கு அது உறைக்கவே இல்லை. அன்று முழுக்க, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அவள் பேசியதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மறுபடி மௌனம். இப்போது ஒன்றாம் வகுப்பு. ஆண்டு விழா மேடையில் நான்கு வரி சொல்ல வேண்டுமாம். தினமும் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்கிறேன். நான் நெருங்க நெருங்க அவள் விலகி ஓடுகிறாள். என் மகளுக்குப் பேசத் தெரியும், அதை ஒரு தெருவே கேட்டிருக்கிறது. நானும் துரத்தாமல், கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால் போதுமா? இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.