கைத்தையலுக்குக் கழிவு

எங்கள் கடையில் அவளுக்கு விலையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை இஸ்திரி என்பார்கள். பதினொரு வருடம் ஆவிப்பெட்டி பிடித்தவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது, விடுங்கள்.

கடை ஓர் அறக்கட்டளையுடையது. ஊரார் வேண்டாமென்று கொடுக்கிற துணியை விற்று, அந்தப் பணத்தில் ஆதரவற்றோர் விடுதி ஒன்றை நடத்துகிறார்கள். முன்பக்கம் கண்ணாடியும் விளக்கும். பின்பக்கம் எங்கள் அறை. ஒரு ஜன்னல், அதையும் மறைத்துக்கொண்டு மூட்டைகள். பழைய கதவுப் பலகையை இரண்டு அலமாரிகளின்மேல் போட்டு மேஜையாக்கியிருந்தோம். ஒரு முனையில் நான், மறு முனையில் அவள்.

பழந்துணிக்கு விலை வைப்பது பெரிய கம்பசூத்திரமா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுக்கிறவர்களுக்குத் தாங்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டதாக நினைப்பு. வாங்க வருகிறவர்களோ, ஓசியில் வந்ததற்கு ஏது விலை என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மணிக்கு நாற்பது துணிக்கு அவள் விலை போட்டாள். புதிதாக இருந்தால் கடையில் என்ன விலை இருக்கும் என்று மனதுக்குள் போடுவாள். அதில் கால்வாசியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கழிக்கத் தொடங்குவாள். காலர் தேய்ந்திருந்தால் ஒரு கழிவு. அக்குளில் மஞ்சள் என்றால் ஒரு கழிவு. ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம் என்றால் அதற்கும் உண்டு. வீட்டில் கையால் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தால் பாதி போய்விடும். அடுத்த வீட்டுக் கைத்தையலை உடம்பில் போட்டுக்கொள்ள ஜனங்களுக்குக் கூச்சம் என்பாள்.

குறையெல்லாம் உள்பக்கம்தான் இருக்கும் என்பது அவள் கட்சி. அதனால் ஒவ்வொரு துணியையும் நான் உள்வெளியாகப் புரட்டித்தான் அவள் பக்கம் தள்ள வேண்டும். அவள் பார்த்து, சீட்டு எழுதிக் குத்தி, திருப்பித் தள்ளுவாள். நான் மறுபடி புரட்டி, ஆவி பிடித்து, ஹேங்கரில் மாட்டுவேன். ஒரு சட்டை முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டால் தெரியாது. தையல் எத்தனை இடத்தில் விட்டிருக்கிறது என்று கேளுங்கள், சொல்வாள்.

மூட்டைகள் பல வழியில் வரும். பெரும்பாலும் ஜனங்களே கொண்டுவந்து வாசல் பக்கத்து ஜன்னலில் கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நீலக் கயிறு கட்டிய மூட்டை ஒன்று வரும். கேட்பாரில்லாமல் செத்துப்போனவர்களின் துணி. அங்கேயே வெளுத்து அனுப்பிவிடுவார்கள். முன்பெல்லாம் அதைத் தனியாக வைத்து, தனியாக விலை போட்டோம். ஆளாளுக்கு அதைத் தொட முகம் சுளித்தார்கள். விலையக்காதான் எல்லா மூட்டையையும் மேஜையில் ஒன்றாகக் கொட்டச் சொன்னாள். கலந்துவிட்டால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, அருவருப்பும் இல்லை என்றாள். மேனேஜரம்மா அவளைப் பாராட்டினாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அவளுக்கு ஒரு தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். சின்னவன் என்பாள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் இவள்தான். வளர்ந்து ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். கிடங்கை மூடினார்கள். அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து படுத்தவன் இரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை. இவளுக்கும் புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, ஒற்றைச் சம்பளம். ஒரு நாள் காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது. பக்கத்திலேயே படுத்திருந்தவன் எழுந்து அணைக்கவில்லை. இவள் குளித்துவிட்டு வந்து பார்த்து, காசுக்குப் பிரயோஜனமில்லாதவனே என்று கத்தியிருக்கிறாள். அவன் எழுந்து ஜெர்கினை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போனவன்தான்.

நான்கு வருடம் தேடினாள். போலீஸில் எழுதிக் கொடுத்தாள், விடுதியில் கேட்டாள், கிடங்கில் கூட இருந்தவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினாள். கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதானே அக்கா என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நாள் முழுக்க விலை போடுகிற வாயால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பாள்.

அன்று நான்கு மூட்டை வந்திருந்தது. அதில் ஒன்று நீலக் கயிறு. கயிற்றை அறுத்தபோது மூட்டையின் வாயிலேயே ஒரு பழுப்பு ஜெர்கின் சிக்கியிருந்தது. அதை இழுத்தெடுத்துப் புரட்டி அவள் பக்கம் தள்ளிவிட்டு மீதியைக் கொட்டினேன். அவள் பார்த்தாள். உள்ளே இடப்பக்கம் பூப்போட்ட துணியில் யாரோ ஒரு பை தைத்திருந்தார்கள். சீட்டில் எழுதினாள்: உள்பை, வேறு துணி, கைத்தையல். பாதி கழித்தாள். நான் புரட்டி, ஆவி பிடித்து மாட்டினேன். பதினொரு மணிக்கெல்லாம் அது முன்பக்கம் போய்விட்டது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்து, அந்தப் பூத்துணி என் நைட்டிடி என்றாள்.

சின்னவன் பஸ் பாஸை வாரத்துக்கு ஒருமுறை தொலைக்கிறான் என்று, பழைய நைட்டியைக் கிழித்து அவளே தைத்துக் கொடுத்த பை. எச்சில் கையோடு முன்பக்கம் ஓடினாள். கல்லாவில் இருந்தவர், ஒருத்தர் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டு போனார், கவர் கூட வேண்டாமென்றுவிட்டார், அரை மணி ஆகியிருக்கும் என்றார். தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. சோறு காய்ந்திருந்த விரல்களால் என் கையைப் பிடித்தாள்.

"எந்த மூட்டையில வந்துச்சு?"

எனக்குத் தெரியும். அறுத்த கயிறு என் காலடியிலேயே கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"எல்லாம் கலந்துபோச்சுக்கா. கவனிக்கல."

பொய் சொல்லி அவளை அந்த ஒரு வேளைக்காவது காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தாள். சின்னவனுக்கு எங்கோ வேலை கிடைத்திருக்கிறதாம். புது ஜெர்கின் வாங்கியிருப்பானாம். பழசை இந்தக் கடையில் கொடுத்திருக்கிறான் என்றால் இந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறானாம். நான்கு வருடத்தில் அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. மேனேஜரம்மாவிடம் கேட்டு, துணி வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். மூட்டையோடு வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் சாப்பாட்டையும் மறந்து மெலிந்துகொண்டே வந்தாள்.

பத்து நாள் பொறுத்தேன். பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவறை ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எனக்காக இரண்டு பதிவேடுகளைப் புரட்டினார். ஐந்து மாதத்துக்கு முந்திய பக்கத்தில் இருந்தது. ஆண். வயது நாற்பது இருக்கலாம். பேருந்து நிழற்குடையிலிருந்து எடுத்து வரப்பட்டவர். பழுப்பு ஜெர்கின், உள்ளே பூத்துணிப் பை, பையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இறப்பு. நாற்பது நாள் வைத்திருந்தும் யாரும் வராததால் மாநகராட்சி அடக்கம் செய்தது. அந்த நிழற்குடை எங்கள் கடையிலிருந்து மூன்று நிறுத்தம். அவள் தினமும் வேலைக்கு வரும் பஸ் அதைத் தாண்டித்தான் வருகிறது.

உறவா என்று கேட்டார். உறவுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால் அடக்கம் செய்த இடத்தின் எண்ணைத் தருவதாகச் சொன்னார். நான் உறவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பல்வலி எப்படி இருக்கிறது என்று மறுநாள் அவள் கேட்டாள். வாயில் லவங்கம் வைத்திருக்கிறேன், பேச முடியாது என்றேன். அன்றிலிருந்து அவளை நேராகப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. போகாத இடமெல்லாம் போனவள், அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்க் கேட்கவில்லை. நீலக் கயிறு மூட்டை அங்கிருந்துதான் வருகிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று ஒன்று வந்திருந்ததும் தெரியும்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. அவள் முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரர் வேறு காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து மகள் வண்டி பேசிக்கொண்டு அழைத்துப்போக வந்தாள். இவள் அசையவில்லை. சின்னவன் வந்தால் பூட்டிய கதவையா பார்ப்பான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் கடைக்கு வந்து என்னைத் தனியாக அழைத்தாள்.

"சித்தி, நீங்க சொன்னா கேப்பாங்க. எப்படியாவது சொல்லுங்க. தனியா அந்த வீட்ல விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்ததும் இனி மறைப்பது பாவம் என்று முடிவு செய்தேன். உள்ளே போனேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கம்பளிச் சட்டையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா, ஒரு விஷயம் என்று தொடங்கினேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"உனக்குப் பல்வலி வந்த அன்னைக்கே தெரியும். நீ எங்க போனேன்னும் தெரியும், என்ன பார்த்தேன்னும் தெரியும். மறுநாள் உன் மூஞ்சி சொல்லிடுச்சு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கம்பளிச் சட்டையை மடியில் வைத்துவிட்டு என் முழங்காலில் கையை வைத்தாள்.

"வாயைத் திறந்து மட்டும் சொல்லிடாத. நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு அவன் எங்கயாவது இருந்தாகணும்."

நான் சொல்லவில்லை. வாசலில் மகள் மதியம்வரை காத்திருந்தாள். வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பிறகு மகள் தனியாக ஏறிப் போனாள்.