நான் கேட்டதாகச் சொன்ன சண்டை

இதையெல்லாம் எழுத நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு, பாடசாலைச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில் நான் சொன்ன ஒரு சொல் ஒரு மனிதரைச் சாகும்வரை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, கடற்கரையில் இருக்கிறது. வாசலில் நின்றால், கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்காரர் வலையும் கயிறும் வைக்கிற ஓலை வாடி தெரியும். அதற்கும் அப்பால், துறைமுகத்துக்குள் போக முறை பார்த்துக் கப்பல்கள் நிற்கும். வெளிச்சம் மங்கலான காலைகளில் அவை தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல ஏலாது. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் கரையில் நடந்த ஒரு கொலையும் என் மனதில் அப்படித்தான் நின்றது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு நாள் வாடிக்குப் பின்னால், கற்களுக்கிடையில், தலை உடைந்து கிடந்தார். வலையை முன்னின்று நடத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. இருவருக்கும் கொஞ்சக் காலமாகவே கோபம். மாமாவைப் பொலிஸ் பிடித்தது, பிறகு விட்டது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்றைய இரண்டாம் வளைப்பு வலையை இழுத்துக்கொண்டிருந்த நேரம்தான் கொலை நடந்தது என்றார்கள். அந்த நேரம், வலையின் இரு கயிறுகளில் தூரத்துக் கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றதாக மாமா சொன்னார். அந்தக் கயிற்றில் நின்ற மற்றவர்கள் அவரைக் கண்டதாகவும் சொல்லவில்லை, காணவில்லை என்றும் சொல்லவில்லை. சம்மாட்டி குடும்பத்தை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. வாடிக்கு நேரே, வள்ளத்தில் தூண்டில் போட்டிருந்த கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர், கரையிலிருந்து வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு மட்டுமே கேட்டது, சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார். அவர் மாமாவின் சிநேகிதர், வேறு என்ன சொல்வார் என்று ஊர் தள்ளிவிட்டது. நான் மட்டும், வீட்டுக்குள் இருந்தபடி இருவரும் வாடியில் சண்டை பிடித்ததைக் கேட்டேன் என்று பொலிசிடம் சொன்னேன். பிள்ளை பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கரைவலைக்காரர் ஒருவர் இறந்தால் அன்றைக்கு வலை வளைக்கமாட்டார்கள். போன வருடம் மாமா இறந்த அன்று வளைத்தார்கள். பிரேதம் போகிறபோது ஒரு பக்கம் பறை, மறுபக்கம் அம்பாப் பாட்டு. மாமி அழவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நடந்தா.

இந்த வருடம், மாமா இறந்து ஓராண்டு நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு கிழமை இருக்க, மாமி எங்கள் வீட்டுக்கு வந்தா.

"சம்மாட்டியின்ர மகனிட்டப் போனனான் பிள்ளை. திவசத்தண்டைக்கு ஒரு நாள் வலையை நிப்பாட்டுங்கோ, அவரும் இந்தக் கரையின்ர ஆள்தானே எண்டு கேட்டனான். அந்தச் சின்னப்பிள்ளை காதால கேட்டதை என்ன செய்யிறது எண்டு திருப்பிக் கேக்கிறார்."

"கேட்டது மெய் மாமி" என்றேன். வேறு என்ன சொல்ல? மாமி தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு தைத்த துணியெல்லாம் கோணல். அந்தச் சண்டை எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. "இனி என்ர வலையில கை வைக்காத!" சம்மாட்டியின் குரல்தான் அது. அதற்குப் பதிலாக மாமா ஏதோ முணுமுணுத்ததும் கேட்டது. கேட்காததைக் கேட்டதாக எப்படிச் சொல்வேன்?

ஒரு நாள் பத்து மணியிருக்கும். கச்சான் காற்று மரங்களைக் கடற்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாடிப்பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார்.

"காது செவிடோ உனக்கு? கத்தியைக் கொண்டு வா எண்டு பத்துத் தரம் கூப்பிட்டனான்!"

"கச்சானுக்கை உங்கட குரல் இஞ்ச வருமே? நல்ல கதைதான்" என்றேன்.

சொன்னதும் மெசினில் என் கால் நின்றுவிட்டது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அது அடிக்கும்போது கரையில் கத்துவது வள்ளத்துக்குக் கேட்கும், வீட்டுக்குக் கேட்காது. எனக்கு இது நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும். ஆனால் அந்தச் சண்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்று பின்நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பொலிஸ்காரர் என்னை விசாரித்தது கொலை நடந்த அன்றுதான். அவருடைய கடதாசி பறந்தது, அதைப் பிடிக்க நான் கடலை நோக்கி ஓடினேன். அப்படியென்றால் அன்று கச்சான். பிறகு சண்டையை நினைத்தேன். அந்தக் குரல்களோடு வேறொன்றும் வந்தது. கொடியில் காய்ந்த அம்மாவின் ஈரச்சேலை வாசலுக்குள் பறந்து என் முகத்தில் ஒட்டியது. உப்பும் சவர்க்காரமும் மணத்தது. அது கடலிலிருந்து வந்த காற்று, கச்சான் தொடங்குவதற்கு முந்தியது. இரண்டு நாட்களை ஒரு நாளாக மடித்து வைத்திருந்திருக்கிறேன். வள்ளத்தில் இருந்த நானா சொன்னதுதான் சரி.

மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்தா.

"அப்ப அவர் செய்யேல்லை. என்ன பிள்ளை?"

ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "அது எனக்குத் தெரியாது மாமி. நான் கேட்ட சண்டை அண்டைக்கு நடந்ததில்லை. அவ்வளவுதான் தெரியும்."

மாமி கையை விடவில்லை. "அதை அங்க போய்ச் சொல்லு. போதும்."

திவசத்துக்கு முதல் நாள்தான் எனக்குத் தைரியம் வந்தது. வாடியில் ஆண்கள் கிழிந்த வலையை நூலால் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆர் இது, தையல்கார அக்காவோ? இவவுக்குக் கதைக்கவும் தெரியுமே?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். சம்மாட்டியின் மகன் சிரிக்கவில்லை.

நின்றபடியே, மணலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"அப்ப பொலிசுக்குப் பொய்யோ சொன்னனீர்?"

"பொய்யில்லை அண்ணை. சண்டை மெய். நாள்தான் வேறை."

வலை பொத்திய கிழவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். "இவள் வீட்டுக்கையோ இருந்தவள்? கரையில நிண்டு கேட்டவள் எண்டெல்லோ நாங்கள் இவ்வளவு காலமும் நினைச்சம். கச்சானுக்கு அந்த வீட்டுக்கு ஒரு மண்ணும் கேளாதே."

சம்மாட்டியின் மகன் கையிலிருந்த நூலை மெதுவாகச் சுற்றினார்.

"அப்ப என்ர அப்பாவைக் கொலை செய்தது ஆர்?"

அவருக்கும் அந்த நேரம் பத்துப் பதினொரு வயதுதான் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குத் தெரியாது அண்ணை."

"சரி, போம்" என்றார். வலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள், திவசத்தன்று, அவர்கள் வலை வளைக்கவில்லை. கயிறு பழுது பார்க்க இருந்தது என்று காரணம் சொன்னார்களாம். மீன் இல்லாததால் எங்கள் வீட்டில் பருப்பும் கீரையும் சமைத்தோம்.