பாவ்நகரில் கடல் திரும்பி வந்த காலை

நவம்பர் வந்துவிட்டால் தில்லியில் படம் எடுப்பவன் கேமராவைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டியதுதான். புகைமூட்டத்தில் யமுனைக் கரையில் நின்றால் அக்கரை தெரியாது. அதனால் நான்கு வருடமாக இந்த மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் ஏதாவது ஒரு கடலுக்கு ஓடிவிடுகிறோம். பூரி, கோகர்ணா, டையூ எல்லாம் ஆயிற்று. இந்த முறை குஜராத், பாவ்நகர்.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மதுரைக்காரன், தில்லி முனிர்காவில் ஒற்றை அறையில் வாசம். விக்னேஷ் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். நன்றாகத் தமிழ் பேசுவான், பயம் வந்தால் இந்திக்குத் தாவிவிடுவான். ரெஜினா குமரி மாவட்டத்து மீனவர் வீட்டுப் பெண், தில்லியில் நர்ஸ் வேலை. கடல் என்றால் எங்களுக்கு ரெஜினா சொன்னதுதான் வேதவாக்கு. "இங்க நிக்கலாம்" என்பாள், நிற்போம்.

தில்லியிலிருந்து அகமதாபாத்துக்கு ராத்திரி ரயில், மூன்றடுக்கு ஏசி, ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு சொச்சம். அங்கிருந்து பாவ்நகருக்கு பஸ், நாலரை மணி நேரம், இருநூற்று இருபது ரூபாய். இடுப்பு கழன்றுவிடும், முன் சீட்டு கேட்டு வாங்குங்கள். மறுநாள் காலை ஐந்து பத்துக்கு ஆட்டோ. போக இருபத்தாறு கிலோமீட்டர், காத்திருந்து திரும்பக் கூட்டிவர மொத்தம் தொள்ளாயிரம். போன இடத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அந்தக் கரையில் கடல் தினமும் இரண்டு தடவை ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வரும். போனால் கண்ணுக்கு எட்டும் வரை ஈர மணலும் சேறும்தான். நம் ஊர்க் கடல் இரண்டு முழம் ஏறும், இரண்டு முழம் இறங்கும், நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இங்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஏறுகிறது. கடல் வற்றியிருக்கும்போது நடந்துபோய், சூரிய உதயத்தை ஈரத்தில் விழும் வெளிச்சத்தோடு எடுப்பதுதான் எங்கள் திட்டம். அன்றைக்கு ஆறு இருபதுக்கு முழு வற்றம்.

ஆட்டோக்காரர் மகேஷ்பாய் இறங்கும்போதே இந்தியில் சொன்னார். "ஏழேகால் ஆனா திரும்பிடுங்க. ஒரு படம், ரெண்டு படம்னு நிக்காதீங்க."

"மகேஷ்பாய், எங்கப்பா வள்ளம் ஓட்டுறவர். எனக்குக் கடலைத் தெரியும்" என்றாள் ரெஜினா.

"உங்க கடலைத் தெரியும், தங்கச்சி. இது வேற" என்றார் அவர். நாங்கள் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

ஆறு ஐந்துக்குக் கிளம்பி அரை மணி நேர நடை. போனில் பார்த்தேன், ஒன்று புள்ளி நான்கு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர், பத்து எட்டில் தாண்டினோம். ஆறு ஐம்பத்திரண்டுக்குச் சூரியன் வந்தது. என்ன வெளிச்சம் என்கிறீர்கள். தில்லியில் வாரக்கணக்காகப் பார்க்காத அடிவானம் கத்தியால் கீறியதுபோல் நேராக நின்றது. மூவரும் அதைப் பார்த்தே நின்றோம்.

ஏழு பன்னிரண்டுக்கு "கடைசிப் படம்" என்றேன். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் போட்டு, ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைக்கும் படம். என் கேமரா எடுத்து முடித்ததும், படத்தில் விழும் புள்ளிகளைத் துடைக்க இன்னொரு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவரை எதையும் தொட முடியாது. அந்த வசதியை அணைத்து வைத்திருக்கலாம். புத்தி வேண்டுமே. எட்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் அடிவானம் லேசாகச் சாய்ந்திருந்தது. மறுபடியும் எட்டு நிமிடம் ஓட விட்டேன்.

"பரவால்லியா?" என்று ரெஜினாவைக் கேட்டேன். தண்ணீர் இன்னும் எங்களுக்கு வெகு முன்னால்தான் இருந்தது. "அங்கதான கெடக்கு, எடுங்கண்ணே" என்றாள்.

ஏழு முப்பத்தொன்றுக்கு விக்னேஷ் தற்செயலாகத் திரும்பினான். "அண்ணா, பீச்சே தேக்கோ" என்றான். குரல் சரியில்லை.

பின்னால் பார் என்கிறான். பார்த்தேன். தாண்டி வந்த வாய்க்கால் இப்போது ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கடல் எங்களுக்கு முன்னால் நின்று போக்குக் காட்டிவிட்டு, பள்ளம் வழியாக முதுகுப்பக்கம் புகுந்திருந்தது.

ஓடினோம். வாய்க்காலை நெருங்கியபோது அறுபது எட்டு வைக்கிற அகலம் இருந்தது. அக்கரையில் மகேஷ்பாய் சட்டையைக் கழற்றி வடக்குப் பக்கமாக வீசி வீசிக் காட்டினார். அங்கே வலை கட்டும் கம்புகள் வரிசையாக நின்றன. தரை அங்கே மேடு என்று புரிந்தது. கம்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முழங்கால், தொடை, இடுப்பு. தண்ணீர் சும்மா ஏறவில்லை, பக்கவாட்டில் இழுத்தது.

பாதியில் ரெஜினா ஒரு கம்பைக் கட்டிப் பிடித்து நின்றுவிட்டாள்.

"வா ரெஜினா, நில்லாத."

"அண்ணே, எனக்கு நீந்தத் தெரியாது."

காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. விக்னேஷ்தான் முதலில் அசைந்தான். டிரைபாடை நீட்டி ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான். நடுவில் அவள். அடுத்த கம்பு வரை பத்தடி. அங்கிருந்து மூன்றாவது கம்புக்கும் நான்காவதுக்கும் இடையில் அவள் கால் வழுக்கித் தலை உள்ளே போனது. மூவர் கேமராவும் போட்டு நான் தலையில் வைத்திருந்த பையை விட்டுவிட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கரையேறியபோது மணி எட்டு ஐந்து. மகேஷ்பாய் எங்களைத் திட்டவில்லை. ரெஜினா மேல் தன் சால்வையைப் போர்த்தி, ஊர்முனை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒரு படத்துக்காக எல்லாரையும் நிறுத்திவைத்த பதினாறு நிமிடங்களை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"எங்க ஊர்ல பொம்பளப் புள்ளைகள ஆரு கடல்ல விட்டா?" என்றாள் ரெஜினா, யாரையும் பார்க்காமல். "கரையில நின்னு மீன் கூடைய வாங்கத்தான் விடுவாவ. நீங்க ரெண்டுபேரும் என்னைய நம்பிப் பொறத்தால வரும்போது பெருமையா இருந்திச்சு. சொல்ல மனசு வரல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் விக்னேஷ்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள் அவள்.

போக நினைப்பவர்களுக்கு: வற்றம், ஏற்றம் நேரம் பார்க்காமல் இந்தக் கரையில் காலை வைக்காதீர்கள். நேரம் நாளுக்கு நாள் மாறும், உள்ளூர்க்காரர் சொல்வதுதான் கணக்கு. வாய்க்காலைத் தாண்டிப் போவதானால் ஒருவர் படம் எடுக்கக் கூடாது, கரையைப் பார்த்து நிற்பது மட்டும்தான் அவர் வேலை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும்.

இன்னொன்று. கூட வருகிறவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேளுங்கள். கடற்கரையிலேயே பிறந்தவரானாலும், எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகக் கேளுங்கள். ரெஜினாவின் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், பையில் எத்தனை பேட்டரி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான்கு கடல்களில் அவளை முன்னால் விட்டு, அந்தத் தைரியத்தில் பின்னால் நடந்திருக்கிறேன். இதை மட்டும் நான் கேட்டதே இல்லை.