எலும்புக் கட்டிக்கு என்ன பத்தியம்?

ஊசி போடுவது அரை நிமிட வேலை; அதற்கு முன்னும் பின்னும் பேசுவதுதான் நர்ஸ் உத்தியோகம். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் பதினேழு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதில் பாதி புரிந்து, மீதியைக் கேட்கக் கூச்சப்பட்டு, மருந்துச் சீட்டோடு வெளியே வந்து விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உள்ளே இருக்கும் நாங்களும் அப்படி விழிப்பதுண்டு, காட்டிக்கொள்வதில்லை.

நல்ல கட்டி

மாதேஸ்வரிக்கு ஊர் வத்தல்மலை, வயது இருபத்தெட்டு. வலது முழங்காலுக்குச் சற்று மேலே எலும்புக்குள் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்பைக் கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தது. அரிப்பதை நிறுத்த மாதத்துக்கு ஒரு ஊசி, முதல் மாதம் மட்டும் கூடுதலாக இரண்டு. கட்டியைச் சுற்றி எலும்பு கெட்டிப்பட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மூட்டைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் மூட்டையே எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். மலைச்சரிவில் சாமை விதைத்துப் பிழைக்கிறவள் அவள். அந்த மூட்டோடு சரிவில் ஏறி இறங்குவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அவள் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "பயப்படாதம்மா, இது நல்ல கட்டிதான்" என்றேன். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கேலி பேசுகிற ஆள் இல்லை, நிஜமாகவே கேட்டார். "நல்ல கட்டின்னா அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமேங்க சிஸ்டர், எதுக்கு ஊசி?"

பெட்டிக்கடை மாத்திரை

அதே வாரம் அதியமான்கோட்டைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். தொடை எலும்பில் பட்டாணி அளவு கட்டி. அவருடையது வேறு வகை. இதுவும் கெட்டதில்லை, ஆனால் படுத்தால் தூங்க விடாது. டாக்டர் எழுதியது சாதாரண வலி மாத்திரையும், அது வயிற்றைக் கெடுக்காமல் இருக்க இன்னொன்றும். இந்த வகைக்கு அந்த வலி மாத்திரை நன்றாகக் கேட்கும். டாக்டர் பார்வையில் மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால் பலருக்குக் கட்டியே மெல்ல அடங்கிவிடும். இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட முகத்தோடு. "பெட்டிக்கடையில கேட்டாக்கூடக் குடுப்பான், இதுக்கா நான் சேலம் வரைக்கும் போயி ஸ்கேன் எடுத்தேன்?"

வழக்கம் போல

மாதேஸ்வரிக்கு மூன்றாவது ஊசி போட்ட அன்று நல்ல கூட்டம். ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "பத்தியம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டாள். அடுத்தவரின் சீட்டை வாங்கிக்கொண்டே, "அதெல்லாம் வழக்கம் போலத்தான்" என்றேன். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடு என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த ஊசிக்கு வந்தாள். கைவிரல்கள் குவிந்து இழுத்துக்கொண்டிருந்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கிப்போயிருந்தது. இந்த ஊசி போட்டால் எலும்பு தன்னிடம் உள்ள கால்சியத்தை ரத்தத்துக்கு விடாது; அதனால்தான் முதல் நாளே கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தோம். ஊசியைத் தள்ளிவைத்து, நரம்பில் கால்சியம் ஏற்றி, இரண்டு நாள் படுக்க வைத்தோம். "மாத்திரையை ஏம்மா விட்டே?" என்று கோபமாகவே கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "பால், முட்டை, ராயிக் களி எல்லாத்தையும் விட்டுட்டேங்க. எலும்புக்குப் போடுற தீனிய கட்டியும் திங்குமேன்னு அந்த சுண்ணாம்பு மாத்திரையும் விட்டேன். வழக்கம் போல பத்தியம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

வாக்குமூலம்

 கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு மருந்து என்றால் பத்தியம், வழக்கம் என்றால் பத்தியத்தின் வழக்கம். அவள் கேட்டதும் அதுதான். நான்தான் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லியிருந்தேன். ஊசி தள்ளிப்போன நாட்களில் கட்டி இன்னும் கொஞ்சம் அரித்துவிட்டால் அந்த மூட்டு என் வாயால் போனதாக ஆகிவிடும். டாக்டரிடம் போய், தப்பு அவள் மேல் இல்லை, என் மேல்தான் என்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டாமல் ஒரு சந்தேகம் கேட்டார், அது திட்டைவிட உறைத்தது. "ரெண்டு பேரும் தமிழ்லதானே பேசினீங்க சிஸ்டர்?"

எந்த வழக்கம்?

ஒரு வாரம் தாமதமாக ஊசி தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவளை உட்கார வைத்து, என்ன சாப்பிடுகிறாள் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொன்னேன். களி, பால், கருவாடு, மாத்திரை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். நான்காம் மாதம் எடுத்த படத்தில் கட்டியைச் சுற்றி எலும்பு வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. சுரண்டி எடுத்தார்கள். மூட்டு தப்பியது. அந்தச் செய்தியைக் கேட்டு மருந்து அறைக்குள் போய் அழுதேன். சொல்வதில் என்ன இருக்கிறது.

திரும்பி வரக்கூடிய கட்டி என்பதால் அவ்வப்போது படம் எடுக்க வருகிறாள். போன முறை கைத்தடி இல்லாமல் வந்தாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே வழக்கம் போல காட்டு வேலைக்குப் போகலாம்" என்றார். அவள் சரி என்று தலையாட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அது எந்த வழக்கம்னு நீங்க ஒரு தடவ சொல்லிடுங்க சிஸ்டர், அப்பறந்தான் நான் மலை ஏறுவேன்."

இப்போதெல்லாம் 'வழக்கம் போல' என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்கு மட்டும் நான் பத்தியம் இருக்கிறேன்.