கடைசியாக வந்தவர்

எங்கள் ஆம்பூர் சபையில் என்னைத் தாழ்மையுள்ளவன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. காரணத்தை இங்காவது சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் குமாஸ்தா. அங்கே தொட்டியில் இறங்கித் தோல் அலசும் ஞானமுத்துவும் எங்கள் சபைதான். மாதம் ஒருமுறை திருவிருந்தில் திராட்சரசம் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில்தான். ஒருமுறை அவர் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். ஆவாரம்பட்டைக் கறை ஏறிய கைகள், எத்தனை குளித்தாலும் போகாத தோல் வாடை. அவர் குடித்த பாத்திரம் என்னிடம் வந்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடித்ததுபோல் பாவனை செய்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார். நான் நிம்மதியாகக் குடித்தேன். மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

அவர் வாணியம்பாடிக்கு வேலை மாறிப் போகிற அன்று என்னிடம் விடைபெற வந்தார். நான் ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்: "இன்னா ஞானமுத்து, கோயில்ல ஏன் எப்பவும் கடைசியா வர்றே?"

"அன்னிக்கு நீங்க வாயை மூடிக்கினீங்களே சார். என்னால ஒருத்தர் திருவிருந்து எடுக்காம போகக் கூடாதுன்னுதான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அதன்பிறகு நான் கடைசியாகப் போகிறேன். என்னைப் பார்த்து இன்னும் சிலர் மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்கிறார்கள். போன ஞாயிறு போதகர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அது ஞானமுத்துவிடம் கற்றது என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

அன்றுபோலவே உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.